யோசிச்சு வைக்கிறேன்னு சொன்னவர்

ஹலோ... ஆமா, நிஷிவாக்கிதான். யாருங்க?... ஹலோ? இங்க ஒரே சத்தம், மேடையில மைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. இருங்க, வராண்டாவுக்கு வந்துடுறேன்... ம், இப்பச் சொல்லுங்க.

அண்ணே!

ஓனோதெரா அண்ணனா? என்னண்ணே, புது நம்பரா இருக்கு?... ஓ, அண்ணியோட போனா... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்... ஆமா, ஆமா, ஹோட்டல்லதான். நாலாவது மாடி, பெரிய ஹால். பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க. அது உங்களுக்கு எப்படி...? ஆபீஸ்ல சொன்னாங்களா... சேர்மனும் இங்கதான் இருக்கார். இப்பக் கூப்பிட முடியாதுண்ணே, டி.வி.க்காக மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்காங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி அசையாம உட்கார்ந்திருக்கார்... ஹா ஹா. ஆமா... ஆமா. அப்புறம் சப்போரோல குளிரு ஆரம்பிச்சாச்சா?...

என்னது?

எந்த ஏர்போர்ட்?... இதாமியா? எங்க ஊர் இதாமியா? ஒசாகாவுல இறங்கியாச்சா?...

டாக்சியில இருக்கீங்க. இங்க வர்றதுக்கா?... அண்ணியும் கூடவா?... இல்லல்ல, சந்தோஷம், சந்தோஷந்தான். எதுக்குண்ணே அவ்வளவு தூரத்துலேருந்து, ஒரு போன் பண்ணியிருந்தா... போன்ல சொல்ற விஷயமில்லையா... ம். சேர்மன் வீடு தேடி வந்து கேட்டார், நீங்களும் நேர்ல வந்துதான் பதில் சொல்லணும்... ம். அது சரிதான்... பதிலா?

என்ன பதில்ணே?

... ...

அண்ணே, லைன் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க... ஒத்துக்கிறீங்க... ஒசாகா கொக்குகள் பேஸ்பால் டீமுக்கு மேனேஜரா வர ஒத்துக்கிறீங்க... ம்... கேட்டுச்சுண்ணே. நல்லாக் கேட்டுச்சு... ரொம்ப... ரொம்ப நன்றிண்ணே. ஒரே ஒரு நிமிஷம். வைக்காதீங்க.

சுகிமுரா! இங்க வா. கதவைச் சாத்து. மிகாமோ எங்க?... சட்டை போட்டுப் பார்க்கிறாரா. அவரை அங்கேயே வச்சுக்கோ, வெளிய விடாத. லைன்ல ஓனோதெரா அண்ணன்... ஆமாம்மா, அவர்தான். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நானும் சேர்மனும் சப்போரோவுக்குப் போய்க் கேட்டோமே, அவர்தான். மேனேஜரா வர ஒத்துக்கிட்டாராம்... மறுத்துட்டார்னுதானே மிகாமோகிட்டயே போனோம்!... என்ன பண்ணப் போறேனா? எனக்கென்ன தெரியும்?... சேர்மன்கிட்ட இப்ப வேண்டாம், பவுடரோட மயங்கி விழுந்துடுவார். போ, போ. யார் கேட்டாலும் நான் வீட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.

அண்ணே... ஆ, இருக்கேன், இருக்கேன். நம்ம ஆபீஸ் பொண்ணு, சட்டை விஷயமா... இல்ல, மேனேஜர் மைதானத்துல போடுற டீம் சட்டை... ஆமா, தயாராத்தான் இருக்கு... உங்க அளவா?... ரெண்டு கிலோ கூடிடுச்சா. அண்ணி போடுற வெண்ணெய் உருளைக்கிழங்குதான் காரணம்... அண்ணே, அது இப்ப... நம்பரா? நம்பர் எழுபத்தேழு... பிடிச்சிருக்கா... அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

பேப்பரா? பார்த்தேன்... புது மேனேஜர் மிகாமோன்னு போட்டிருக்கான். ஆமா. முதல் பக்கத்துல, மஞ்சள் எழுத்துல, படத்தோட... சிரிக்காதீங்கண்ணே... தெரியும், பன்னெண்டு நாள்ல ஒம்பது பேரைப் போட்டுட்டான். ஒரு நாள் என் பேரைக்கூடப் போட்டான். அன்னைக்கு மட்டும் எங்க வீட்டுல எனக்குப் பெரிய மீனா வறுத்து வச்சிருந்தாங்க, மறுநாள் பழையபடி வாலுதான்... நாங்களா? வேணும்னே மிகாமோ பேரைக் கிளப்பி விட்டோமா? பத்திரிகைக்காரனைத் திசை திருப்புறதுக்கா?... அவ்வளவு மூளை எங்களுக்கு இருந்திருந்தா பத்தொம்பது வருஷமா கோப்பையில்லாம இருப்போமாண்ணே?

... ஆமா, சேர்மன் சொன்னார். பதினெட்டாம் தேதிக்குள்ள தெரிஞ்சா நல்லதுன்னு சொன்னார்... இன்னைக்குப் பதினெட்டு. ஆமா. நீங்க சொன்னா சொன்ன தேதி. டீம்ல இருந்தப்பவும் அப்படித்தான், ஏழு மணிக்குப் பயிற்சின்னா ஏழு மணிக்கு முதல் பந்து என் கையில இருக்கும்... எங்க வரைக்கும் வந்துட்டீங்க?... ஹைவேல ஏறியாச்சா. அப்ப இருபத்தஞ்சு நிமிஷம். டிரைவரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்களேன்... சும்மாதான். இன்னைக்கு ரோட்டுல கூட்டம் அதிகம்.

... டிரைவருக்கு அடையாளம் தெரிஞ்சுடுச்சா. தெரியாம இருக்குமா? ஒசாகாவுல உங்க மூஞ்சி தெரியாத டாக்சிக்காரன் இன்னும் பொறக்கல... 'மேனேஜரே'ன்னு கூப்பிடுறாரா... அதுக்குள்ளயா...

அண்ணே, டி.வி. வேலை என்னாச்சு? விளையாட்டு வர்ணனை பண்ணிக்கிட்டு இருந்தீங்களே, அதை இன்னும்... விட்டாச்சா? எப்ப?... திங்கட்கிழமை. லெட்டர் எழுதிக் குடுத்துட்டீங்க... ஒரே நேரத்துல ரெண்டு படகுல கால் வைக்கக் கூடாதா. சரி... சரி... அண்ணியோட பியானோ கிளாஸ்?... மூடிட்டாங்களா? எத்தனை பிள்ளைங்க?... இருபத்திரண்டு. எல்லாருக்கும் வேற டீச்சர் பார்த்துக் குடுத்துட்டாங்களா. ஒவ்வொரு வீடாப் போயா... அண்ணி பக்கத்துலதானே இருக்காங்க? ஏன் சிரிக்கிறாங்க?... ஆமா, வெயில் அதிகந்தான் இங்க. உங்க ஊர் ஹொக்கைடோவோட பார்த்தா ரொம்ப அதிகம். பழகிடும்னு சொல்லுங்க. இல்ல... சொல்லாதீங்க. இருங்கண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்...

நோட்டா?

என்ன நோட்டு?... நூத்தி நாப்பத்திமூணு ஆட்டத்தையும் பார்த்தீங்களா? போன சீசன் முழுசையுமா? பன்னெண்டு நாள்லயா?... அதுக்குத்தான் பன்னெண்டு நாள் எடுத்தீங்களா. வரலாமா வேண்டாமான்னு இல்ல, வந்தா என்ன பண்ணலாம்னு... ம்... ம். டீமைத் தெரிஞ்சுக்காம சரின்னு சொல்றது மரியாதையில்ல. ஆமா. உங்களுக்கு அப்படித்தான்...

வேண்டாம்ணே, இப்பப் படிக்காதீங்க, நேர்ல பார்த்துக்கலாம்... சரி, படிங்க. முதல்ல அடிக்க யாரு?... ம். அவன் ஓடுவான்... ரெண்டாவது அந்த ஒகினாவாக்காரன். அதுவும் சரி... மூணாவது... ம். நாலாவது யாரு? நாலாவது எடத்துலதான் டீமோட உசிரே இருக்கு, அங்க யாரைப் போட்டாலும் இந்த ஊர் சண்டைக்கு வரும்...

யாரு? கமாதாவா?

கேட்ச்சர் கமாதாவையா நாலாவதா? எட்டாவதா அடிக்கிற ஆளை? அண்ணே, அவன் போன வருஷம் எத்தனை அடிச்சான்னு... எது? மூணாவது தளத்துல ஆள் நிக்கிறப்ப மட்டும் எண்ணினீங்களா?... எவ்வளவு?... திரும்பச் சொல்லுங்க... அடப்பாவி. அது ஏன் எங்க யார் கண்ணுலயும் படல? எங்ககிட்ட மூணு கம்ப்யூட்டர் இருக்கு, ஆறு பேர் இருக்காங்க... ஆமா. ஆமாண்ணே. கேட்ச்சருக்கு எதிர் டீம் பந்து வீசுறவன் மனசு தெரியும். தினமும் அதைத்தானே படிக்கிறான்... நான்கூட அந்தக் காலத்துல கேட்ச்சரா இருந்தப்ப அப்படித்தான், ஆள் நிக்கிறப்பதான் நல்லா அடிப்பேன், மேனேஜர்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு... தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? அப்பவேவா?... ஏண்ணே அப்ப யார்கிட்டயும் சொல்லல?... 'மேனேஜர் ஆனா பண்ணலாம்னு வச்சிருந்தேன்.' ம்.

... ...

இல்ல, அழல. தூசி. மேடைக்குக் கம்பளம் விரிக்கிறாங்க.

என்ன சுகிமுரா?... இன்னும் கொஞ்ச நேரம் சமாளி. சட்டை தோள்ல பிடிக்குதுன்னா பின்னாடி தையலைப் பிரிச்சு விடு, அவர் முன்பக்கம்தானே காட்டப் போறார்!... சேர்மன் கேட்டா நான் பாத்ரூம்ல. போ.

அண்ணே. நோட்டை மூடி வைங்க. ஒரு நிமிஷம் மூடி வச்சுட்டு நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு உங்க வீட்டுல, சேர்மன் முன்னாடி, கடைசியா நீங்க என்ன சொன்னீங்க?... இல்ல, அதுக்கு அப்புறம். டீயெல்லாம் குடிச்ச பிறகு. சேர்மன் தலை குனிஞ்சு, 'டீமை நீங்கதான் எடுத்துக்கணும்'னார். அதுக்கு நீங்க?... ஆமா. 'யோசிச்சு வைக்கிறேன்.' அதேதான். எனக்கும் நினைவிருக்கு.

யோசிச்சீங்க. தெரியுது. பன்னெண்டு நாள் யோசிச்சீங்க... உங்க மேல தப்பில்லண்ணே. நீங்க சொன்னதைச் சொன்னபடி செஞ்சீங்க. அதுதான்... அதுதான் எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

டிரைவர் எந்த ஊர்க்காரர்? கேளுங்களேன்... ஒசாகாவா. எந்தப் பக்கம்?... சந்தைத் தெருவா. நல்லதாப் போச்சு. அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. அவர் ஒரு கடை வச்சிருக்கார்னு வைங்க. வர்ற ஆள் ஒரு சட்டையை எடுத்துப் பார்த்துட்டு, 'யோசிச்சு வைக்கிறேன்'னு சொல்லிட்டுப் போறான். அதுக்கு என்ன அர்த்தம்? கேளுங்கண்ணே. என்கிட்ட வேண்டாம், அவர்கிட்டயே கேளுங்க... நான் லைன்லயே இருக்கேன்.

... ...

... ...

என்ன சொன்னார்?... உடனே சொல்லிட்டாரா. யோசிக்கக்கூட இல்லையா... 'வேண்டாம்னு அர்த்தம்.' ... ஆமாண்ணே. 'சட்டையை மடிச்சு உள்ள வச்சிடுவேன்.' ஆமா. இந்த ஊர்ல எல்லாரும் மடிச்சு உள்ள வச்சிடுவாங்க. முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்றது மரியாதையில்லைன்னு, இங்க அதுக்குன்னு இருக்கிற வார்த்தை அது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்...

நீங்களும் பதினோரு வருஷம் இங்க விளையாடினீங்கதான். ஆனா எங்கண்ணே கடை கண்ணிக்குப் போனீங்க? ஹாஸ்டல், மைதானம், மைதானம், ஹாஸ்டல். உங்களுக்குக் காலுறை வாங்கினதுகூட நான்தான்...

ஹலோ?... அண்ணே?...

ஆமா. சேர்மன் அப்படித்தான் எடுத்துக்கிட்டார். கண்ணியமா மறுத்துட்டீங்கன்னு... ஆமா... ஆமா, பேப்பர்ல போட்டது நிஜந்தான். ஒம்பது பேர்ல இந்த ஒரு பேரு மட்டும் நிஜம்... மிகாமோதான். இங்கதான் இருக்கார், பக்கத்து ரூம்ல... ம். அந்தச் சட்டை அவருக்குத் தச்சது.

... ...

அண்ணி என்ன சொல்றாங்க?... ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்களா.

டிரைவர் எதுக்கு மன்னிப்புக் கேக்குறார்? அவர் என்ன பண்ணுவார்?...

ஆமா. அறிவிக்கலதான். இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு, ஆமா... அண்ணே, அதை நினைக்காம இருப்பேனா? நீங்க போன் பண்ணினதுலேருந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா மிகாமோ கையெழுத்துப் போட்டாச்சு. முந்தாநாள் அவர் அப்பா சமாதிக்குப் போய்ச் சொல்லிட்டும் வந்துட்டார். அவங்கம்மா முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, புது கிமோனோ கட்டிக்கிட்டு. நான் அந்த ஹாலுக்குள்ள போய் என்னன்னு சொல்லட்டும்? யாரைப் பார்த்துச் சொல்லட்டும்?... நான் யாருண்ணே, ஒரு ஆபீஸ் ஆள். என் கையில மைக்கை ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும்தான் இருக்கு...

... நானா?

கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கல. அதானே?... சேர்மன் பக்கத்துல இருந்தார். அவர் முன்னாடி, 'அண்ணே, நீங்க ஹொக்கைடோ அர்த்தத்துல சொன்னீங்களா, எங்க ஊர் அர்த்தத்துல சொன்னீங்களா'ன்னு எப்படிக் கேக்க முடியும்?... அதுக்கு அப்புறமா... ம். அதுக்கு அப்புறம் பன்னெண்டு நாள் இருந்துச்சு. போன் இருந்துச்சு. ஆமா...

இல்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல வராது.

தெரிஞ்சுது.

தெரிஞ்சுதுண்ணே. பதினோரு வருஷம் உங்க பந்தைப் பிடிச்சவன் நான். எந்தப் பந்து போடணும்னு விரலைக் காட்டுவேன், பிடிக்கலன்னா பட்டுன்னு தலையை ஆட்டுவீங்க, அம்பதாயிரம் பேருக்கு முன்னாடி, என் மானம் போற மாதிரி. பிடிச்சிருந்தா ஒண்ணும் பண்ண மாட்டீங்க, அசையாம நிப்பீங்க. அன்னைக்கு உங்க வீட்டுல நீங்க அசையாமதான் உட்கார்ந்திருந்தீங்க. பார்த்தேன். இவர் வேண்டாம்னு சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சுது... அப்புறம் கார்ல ஏறினோம். மழை பெய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சேர்மன் சீட்ல சாஞ்சுக்கிட்டு, 'எவ்வளவு அழகா மறுத்துட்டார், பார்த்தியா'ன்னார். நான் 'ஆமாங்க'ன்னுட்டேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு ஆமாங்க.

... ஏன்னா... இருபது வருஷமா அவர் என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு சொல்லிப் பழகிப்போச்சு. வாய் தானாச் சொல்லிடுது, அதுக்கப்புறம்தான் நான் யோசிக்கவே ஆரம்பிக்கிறேன். மறுநாள் சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் காலையிலயே மிகாமோ வீட்டுக்குக் கொண்டு போக முலாம்பழம் வாங்கிட்டு வான்னாங்க. வாங்கினேன். நானே தட்டிப் பார்த்து, மோந்து பார்த்துப் பொறுக்கி எடுத்தேன்... அதுக்கு அடுத்த நாள் உங்க நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? ஒவ்வொரு நாளாத் தள்ளத் தள்ள அது இன்னும்...

திட்டுங்கண்ணே. அந்தக் காலத்துல பந்தை விட்டா கையுறையைக் கழட்டி எறிவீங்களே... ஹலோ?...

என்ன?... இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? உங்களைத்தான் முதல்ல நினைச்சோம். சத்தியமா. சேர்மன் வேற பேரையே சொல்லல. உங்களைக் கேட்டுட்டு, அப்புறந்தான்... ஆமா. முதல் ஆள் நீங்கதான்... அது போதுமா? எப்படிண்ணே போதும்?

டாக்சி எங்க இருக்கு?... யோதோ ஆத்துப் பாலமா. அண்ணே, பாலம் தாண்டினதும் நிறுத்தச் சொல்லுங்க. நான் ஒரு காரை அனுப்புறேன், நேரா ஏர்போர்ட்டுக்கு... திரும்புற ஃப்ளைட் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானா. அதுவரைக்கும் நல்ல ஹோட்டல் ஒண்ணுல... ஏன் வேண்டாம்?... 'சேர்மன் என் வீட்டுக்கு வந்தார், ஊருக்கு வந்துட்டு அவரைப் பார்க்காமப் போறது மரியாதையில்ல.' அண்ணே, இப்பப் போய் மரியாதை பார்க்குறீங்களே! மரியாதைதானே நம்மை இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கு!...

சரி, கோபப்படாதீங்க. வாங்க. ஆனா பின்பக்கமா வாங்க. சமையல்கட்டு ஓரமா ஒரு லிஃப்ட் இருக்கு, நான் அங்க வந்து நிக்கிறேன். முன்வாசல்ல இருபது கேமராக்காரன் நிக்கிறான். உங்களை இன்னைக்கு, இந்த நேரத்துல பார்த்தான்னா... நீங்க என்ன சொன்னாலும் நாளைக்கு முதல் பக்கத்துல, 'வேலை கிடைக்கும்னு ஆசையா வந்தார், விரட்டிட்டாங்க'ன்னு... அதை அண்ணி படிக்கணுமா? அந்த இருபத்திரண்டு பிள்ளைங்க படிக்கணுமா?

... இந்த டீமுக்குள்ள பின்வாசல் வழியா வந்ததே இல்லையா.

ம். தெரியும். முழங்கை கெட்டு டீமை விட்ட வருஷம்கூட முன்வாசல் வழியாத்தான் போனீங்க...

டிரைவர் என்ன சொல்றார்?... வளைவுல திரும்பியாச்சா? அதுக்குள்ளயா? நான்தான் மெதுவாப் போகச் சொன்னேனே!... சிவப்புக் கொடி கட்டின வாசல், ஆமா, அதுதான். நிறுத்தாதீங்க, ஒரு சுத்து சுத்தி வரச் சொல்லுங்க, நான் கீழ ஓடி வர்றேன்... ஹலோ? ஜன்னலை இறக்காதீங்க! அண்ணே! கதவைத் திறக்காதீங்க!...

ஹலோ?...

அண்ணே, அது அந்த மஞ்சள் எழுத்துக்காரன் குரல்தானே? என்ன கேக்குறான்?... ஒண்ணும் சொல்லாதீங்க. இல்ல... இல்ல, உண்மையைச் சொல்லிடுங்க. நிஷிவாக்கிதான் தப்புப் பண்ணினான்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கட்டும், அதுதான் நியாயம்... கேக்குதாண்ணே?... போனைக் காதுல வைங்க... அண்ணே...

... ...

... ...

ம்? இருக்கேன். இங்கதான், படிக்கட்டுல நிக்கிறேன்... என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?...

மிகாமோவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தேன்னா?

சப்போரோலேருந்தா?... நம்பிட்டாங்களா?... 'பழைய ஆளுங்க நாங்க வந்து நிக்கலன்னா வேற யார் நிப்பா'ன்னு... ம்... அது கைதட்டுற சத்தமா. கேக்குது. கேக்குதுண்ணே.

எதுக்குண்ணே அப்படிச் சொன்னீங்க? என்னைக் காப்பாத்தவா?... 'யாரையும் இல்ல.' ... ம்.

அண்ணி?... இறங்கிட்டாங்களா. சிரிச்ச முகமாவா. படம் எடுக்குறாங்களா...

இன்னும் ஒண்ணு கேக்கணுமா? கேளுங்கண்ணே. என்ன வேணும்னாலும் கேளுங்க, யார்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்றேன், சேர்மன்கிட்டயே... நாற்காலியா?

ஒரு நாற்காலி... உங்களுக்கில்லையா. அண்ணிக்கு... காலையில மூணரைக்கு எந்திரிச்சவங்க. ஆமா... நீங்க சுவரோரமா நின்னுக்குவீங்க... இருங்க. அப்படியே இருங்க, வைக்காதீங்க.

சுகிமுரா! ஒரு நாற்காலி வேணும். உடனே... ஒண்ணுகூட இல்லையா? எல்லாத்துலயும் பேர் ஒட்டியாச்சா? கடைசி வரிசையில?... ரேடியோக்காரங்களா... என்னோடது எது?... சேர்மனுக்குப் பின்னாடியா. சரி. அதுல ஒட்டியிருக்கிற பேரை உரி... என் பேரைத்தான் சொல்றேன், உரின்னா உரி!... நான் எங்க உட்கார்றதுன்னு எனக்கென்ன தெரியும்?... நகத்தால சுரண்டு. வரும்.

அண்ணே, இருக்கு. நாற்காலி இருக்கு. அண்ணியை மெதுவாக் கூட்டிட்டு வாங்க... ஹலோ? வச்சுட்டீங்களா?

அண்ணே?

ஹலோ?...